பழைய கட்டடங்கள்: கேட்டவையும் என் பதில்களும்

பழைய கட்டடங்களைப் பழுது பார்த்து நிமிர்த்துவது என் தொழில். கல், செங்கல், சுண்ணாம்பு, மரம் பற்றிக் கேளுங்கள். ஒரு கட்டடத்தை மக்கள் எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேளுங்கள். பத்திரம், வழக்கு, விலை மதிப்பீடு என் துறை இல்லை.

பள்ளி ஆசிரியர் ஒருவர்: மேடம், பழைய கட்டடங்களை ஏன் காக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? பாரம்பரியம், பெருமை என்று ஆரம்பித்தாலே கவனம் போய்விடுகிறது.

பதில்: அந்த இரண்டு சொற்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். "உங்களுக்கும் உங்கள் பாட்டிக்கும் ஒரே மாதிரித் தெரிந்த இடம் எது?" என்று கேளுங்கள். பாட்டி நடந்த படியில் பேத்தியும் நடக்கிறாள், அதே திண்ணையில் உட்காருகிறாள் என்றால் இரண்டு பேருக்கும் பேச ஒரு பொது விஷயம் இருக்கிறது. தலைமுறைகளுக்கு இடையே இப்படிப் பொதுவாக நிற்கக்கூடியவை மிகக் குறைவு. கட்டடம் அவற்றில் ஒன்று.

இழந்த பிறகுதான் இது பலருக்குப் புரிகிறது. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1910ல் திறந்தது. 1963ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது தெருவில் நின்று எதிர்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தூண்கள் லாரியில் ஏறிய பிறகு நகரமே பதறியது. 1965ல் நகரத்தின் அடையாளக் கட்டடங்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. பிற்பாடு கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் ஓர் அலுவலகக் கோபுரம் எழுப்பப் பார்த்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978ல் நகரத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒரு நிலையம் போனதால் இன்னொரு நிலையம் பிழைத்தது.

இன்னொன்றையும் சொல்லுங்கள். மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரின் பெரிய மசூதி முழுக்க மண்ணால் ஆனது. இன்று நிற்கும் கட்டடம் 1907ல் கட்டியது. மழை அடித்தால் மண் கரையும், அதனால் ஆண்டுதோறும் ஊரே திரண்டு புது மண் பூசுகிறது. சுவரிலிருந்து பனைமரக் கழிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பூசுகிறவர்கள் அவற்றில்தான் ஏறி நிற்பார்கள். சாரம் கட்டும் வேலையே இல்லை. சிறுவர்கள் மண் சுமக்கிறார்கள், மூத்த கொத்தனார்கள் மேற்பார்வை செய்கிறார்கள். அங்கே கைத்தொழில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் நாள் அதுதான். சிதையாத பொருளில் கட்டியிருந்தால் அந்த நாள் இருந்திருக்காது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், சொல்லிப் பாருங்கள்.

ஒரு வீட்டுக்காரர்: எங்கள் பழைய வீட்டில் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. கெட்டியாக சிமெண்ட் பூசிவிட்டால் நின்றுவிடும் என்கிறார் மேஸ்திரி. பூசலாமா?

பதில்: பூசாதீர்கள். இன்று நான் சொல்லப்போவதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் பூச்சு சுவரோடு ஒட்டியிருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போய்விட்டது. அந்த இடத்தைக் கொஞ்சம் பெயர்த்து, உள்ளே இருக்கும் செங்கலை விரலால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால், வெள்ளையாகப் பூத்திருந்தால், உங்களுக்கு இருப்பது ஈரமும் உப்பும். தரையில் இருந்து தண்ணீர் சுவர் வழியே ஏறுகிறது, கூடவே உப்பும் ஏறுகிறது. வெளியே வந்ததும் தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு மட்டும் நின்று படிகமாகும். அது விரியும்போது தன்னைச் சுற்றியிருப்பதை உடைக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் உடைவது பூச்சுதான். சில வருடத்துக்கு ஒருமுறை உதிரும், திரும்பப் பூசலாம். அதன் வேலையே செங்கலுக்காகத் தான் உதிர்வது. சிமெண்ட் பூச்சில் ஈரத்துக்கு வெளியே வர வழி கிடையாது. அது உள்ளேயே தங்கும், இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கலுக்குள்ளேயே விரியும். வெளியே பார்க்கச் சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே செங்கல் மண்ணாகிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ராஞ்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரில் சுடாத மண் செங்கலால் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. வருடா வருடம் மண் பூசும் சிரமம் வேண்டாம் என்று 1967ல் அதற்குக் கெட்டியான சிமெண்ட் பூச்சு கொடுத்தார்கள். விரிசல் வழியே புகுந்த தண்ணீர் வெளியே வர முடியாமல் உள்ளே மண் செங்கலைக் கரைத்தது. 1979ல் அந்தப் பூச்சு முழுவதையும் உரித்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஊர்க்காரர்கள் சேர்ந்து தாங்களே பூசுகிறார்கள்.

ஆகவே முதலில் தண்ணீரைப் பாருங்கள். மேலே தூம்பு அடைத்திருக்கிறதா, கீழே சுவரை ஒட்டி மண் மேடு ஏறியிருக்கிறதா, வாசலில் சிமெண்ட் தளம் போட்டதால் மழைநீர் சுவர்ப் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்துவிட்டு சுவரைக் காய விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு பூசுங்கள்.

பொறியியல் மாணவர்: அக்கா, சுண்ணாம்போடு கொஞ்சம் சிமெண்ட் கலந்தால் சீக்கிரம் இறுகுமே, அது பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், தம்பி. அவசரத்துக்காகக் கலக்கும் அந்தக் 'கொஞ்சம்' வேலைக்கு வேலை கூடிக்கொண்டே போகும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் நீரியல் சுண்ணாம்பு என்று ஒரு வகை இருக்கிறது. அதைப் பற்றிப் படியுங்கள்.

ஒருவர்: பாகப்பிரிவினை ஆகாத வீடு. ஒரு பங்காளி இடிக்கச் சொல்கிறார். தடுக்க முடியுமா?

பதில்: சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை கூரை ஒழுகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு முடியும்வரை கட்டடம் நிற்க வேண்டும் அல்லவா.

ஒருவர்: உணர்ச்சி எல்லாம் சரி. ஒரு பழைய கட்டடம் இருக்கும் இடத்தில் அடுக்குமாடி கட்டினால் இருபது குடும்பத்துக்கு வீடு கிடைக்கும். மனிதரைவிடச் செங்கல் முக்கியமா?

பதில்: நியாயமான கேள்வி. மனிதர்தான் முக்கியம். அதனாலேயே எந்த மனிதர் என்று பார்க்கிறேன். பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும் புது வீட்டுக்கு, அங்கே ஏற்கெனவே வாடகைக்கு இருந்தவர் திரும்பி வருகிறாரா? பல இடங்களில் வருவதில்லை. இத்தாலியின் பொலோனியா நகரம் 1970களில் வேறு வழி பார்த்தது. பழைய நகரின் சிதைந்த வீடுகளை நகராட்சியே பழுது பார்த்து, அங்கே இருந்த சாதாரணக் குடும்பங்களையே தொடர்ந்து குடியிருக்க வைக்க முயன்றது. கட்டடத்தையும் குடித்தனக்காரரையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்ட நகரம் என்று அதைச் சொல்வேன்.

எதையும் இடிக்கக் கூடாது என்று நான் வாதாடவில்லை. பழைய உபயோகம் போனதாலேயே கட்டடம் உபயோகமற்றதாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள் என்கிறேன். பாரிஸின் ஓர்சே ரயில் நிலையம் 1900ல் கட்டியது. ரயில்கள் நீண்டதும் நடைமேடை போதவில்லை, இடிக்கும் பேச்சும் வந்தது. 1986ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. லண்டனில் மூடிக் கிடந்த பேங்க்சைடு மின் நிலையம் 2000ல் கலைக்கூடமானது. 1964ல் வெனிஸில் உருவான சாசனம்தான் எங்கள் தொழிலின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. சமூகத்துக்குப் பயன்படும்படி வைத்திருந்தால் ஒரு கட்டடத்தைக் காப்பது எளிது என்று அதுவே சொல்கிறது. பூட்டி வைத்த கட்டடம் சீக்கிரம் விழும். ஓடு உடைந்தால் பார்க்க ஆள் இருக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. செங்கல்லைச் சுட்ட நெருப்பும் கல்லை வெட்டிய உழைப்பும் எப்போதோ செலவாகிவிட்டன. இடித்தால் அது குப்பை. புதிதாகக் கட்ட மறுபடி சூளை, மறுபடி சிமெண்ட், மறுபடி புகை.

ஒரு குடும்பத் தலைவி: மேடம், சுவர் அடியில் பூச்சு உதிர்கிறது, சிமெண்ட் பூசலாமா?

பதில்: அம்மா, மேலே வீட்டுக்காரர் ஒருவருக்கு இதற்கே நீளமாகச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள். பூச வேண்டாம்.

ஒருவர்: நூறு வருடப் பித்தளைப் பாத்திரம் வைத்திருக்கிறேன். எந்தக் காலத்தது?

பதில்: அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். எனக்குச் சுவர்தான் தெரியும்.

கட்டடக்கலை மாணவி: அக்கா, போரில் அழிந்த நகரங்களை அச்சு அசலாகத் திரும்பக் கட்டுகிறார்களே, அது பொய் இல்லையா? பழசு போல் வேடம் போட்ட புதுசுதானே?

பதில்: இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். போலந்தின் தலைநகர் வார்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 கிளர்ச்சிக்குப் பிறகு நாஜிப் படை அந்த நகரைத் திட்டமிட்டு, தெருத் தெருவாக வெடி வைத்துத் தகர்த்தது. பழைய நகரில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. ஒரு மக்களின் நினைவை அழிப்பதற்காகவே அதைச் செய்தார்கள். போர் முடிந்ததும் அந்த மக்கள் திரும்பி வந்து கட்டினார்கள். போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்திருந்த அளவு வரைபடங்களை மறைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ வரைந்த ஓவியங்களையும் பார்த்துக்கொண்டார்கள். இடிபாட்டில் கிடந்த கற்களையும் செங்கற்களையும் பொறுக்கிச் சேர்த்தார்கள். 1980ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எத்தனையாவது நூற்றாண்டுச் சுவர் என்று பார்த்தால் புதுசுதான். யார் எதற்காகக் கட்டினார்கள் என்று பார்த்தால், அதில் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதே மாணவி: பெலோட்டோ சில கட்டடங்களைத் தன் இஷ்டத்துக்கு அழகுபடுத்தி வரைந்தவர் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இல்லாத ஒன்றைத்தானே கட்டினார்கள்?

பதில்: நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஆமாம், சில இடங்களில் அப்படி நடந்தது. வீடுகளின் உட்புறத்தையும் அந்தக் காலத் தேவைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்பது வெனிஸ் சாசனத்தின் விதி. அந்தச் சாசனம் வருவதற்கு முன்பே வார்சாவின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார்கள், ஆனால் அந்த விதியால் அளந்தால் அது மீறல்தான். ஆனாலும் ஏற்கிறேன். காரணம், அவர்கள் மறைக்கவில்லை. இது திரும்பக் கட்டியது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஒப்பந்ததாரர்: அப்படியானால் எங்களை ஏன் தடுக்கிறீர்கள்? இடித்துவிட்டு அதே மாதிரி முகப்பை ஒட்டிக் கொடுக்கிறோம் என்றால் கூச்சல் போடுகிறீர்கள். வார்சாவுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

பதில்: ஆமாம், வேறு நியாயம்தான். அவர்களிடமிருந்து நகரம் பறிக்கப்பட்டது. நீங்கள் நின்றுகொண்டிருக்கும் ஒன்றை உங்கள் கையாலேயே உடைக்கிறீர்கள். திரும்பக் கட்ட முடியும் என்பது இடிப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. போஸ்னியாவில் மொஸ்தார் பாலம் 1566ல் கட்டியது. 1993 நவம்பரில் குண்டடித்து ஆற்றில் விழுத்தினார்கள். அதே வகைக் கல்லில் 2004ல் திரும்ப எழுப்பினார்கள். இரண்டு கரை மக்களுக்கும் அது வேண்டியிருந்தது. உங்கள் முகப்புக்குப் பின்னால் யார் இருக்கப்போகிறார்கள், முன்பு இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் பேசுவோம்.

இன்னொருவர்: ஜப்பானில் இசே கோவிலை அவர்களே இருபது வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்களே? அங்கே பழசே கிடையாதே!

பதில்: யாராவது இதைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனைகள். ஒன்றில் கோவில் நிற்கும், மற்றொன்று காலியாக இருக்கும். காலி மனையில் அதே அளவில் புதிதாகக் கட்டி, பிறகு பழையதைப் பிரிப்பார்கள். கடைசியாக 2013ல் நடந்தது. அங்கே மரம் பழசு இல்லை, தச்சு வேலை பழசு. இருபது வருடம் என்றால் ஒரு தச்சர் இளம் வயதில் உதவியாளாகவும், நடு வயதில் கைதேர்ந்தவராகவும், முதுமையில் வழிகாட்டியாகவும் அதே வேலையைச் செய்யலாம். 1994ல் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள் 'உண்மைத்தன்மை' என்பதை எல்லாப் பண்பாட்டுக்கும் ஒரே கோலால் அளக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள்.

ஆனால் ஒப்பந்ததாரர் நண்பர் இதையும் தமக்குச் சாதகமாக எடுக்கக் கூடாது. இசேயில் மாறாமல் இருப்பது கை, முறை, இடம், அதைச் செய்யும் சமூகம். உங்கள் திட்டத்தில் இந்த நான்கில் எது மாறாமல் இருக்கிறது?

மீண்டும் மாணவி: அக்கா, இடிபாடாகவே விட்டுவிடுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

பதில்: சில இடங்களில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பி நின்ற குவிமாடக் கட்டடத்தை அகற்றிவிடச் சொன்னவர்களும் இருந்தார்கள், தினமும் அதைப் பார்ப்பது அவர்களுக்குத் தாங்க முடியாத வேதனை. 1966ல் நகரசபை அதைக் காப்பது என்று தீர்மானித்தது. அங்கே செய்யும் சீரமைப்பு முழுவதும் இடிபாடு மேலும் இடியாமல் தாங்கிப் பிடிப்பதற்குத்தான். ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஃபிராவன் தேவாலயம் 1945ல் குண்டுவீச்சில் சரிந்து நாற்பது வருடத்துக்கும் மேல் கற்குவியலாகக் கிடந்தது. பிறகு கட்டி, 2005ல் திறந்தார்கள். பழைய கற்கள் கருத்தும் புதியவை வெளுத்தும் தெரிகின்றன, தொலைவில் இருந்தே எது எது என்று சொல்லிவிடலாம். இரண்டு முடிவையும் மதிக்கிறேன். அந்தந்த ஊர் மக்கள் வருடக்கணக்கில் தங்களுக்குள் வாதாடி எடுத்த முடிவுகள் அவை. வெளியில் இருந்து வரும் வல்லுநரின் வேலை எது முடியும், எது முடியாது என்று சொல்வது. எது வேண்டும் என்று சொல்வது அங்கே இருப்பவர்கள்.

ஒருவர்: அடிமைப்படுத்தியவன் கட்டிய சிறையை, மாளிகையை எல்லாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? இடித்தால்தானே மானம்?

பதில்: அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலா 18 ஆண்டு இருந்தார். அதை இடிக்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர்கள் அதை அருங்காட்சியகமாக்கினார்கள். அங்கே கைதியாக இருந்தவர்களே வருகிறவர்களுக்கு அறையைத் திறந்து காட்டி விளக்கினார்கள். 1999ல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. கொடுமை நடக்கவே இல்லை என்று நாளை ஒருவர் சொல்லும்போது காட்டுவதற்கு அந்த அறை வேண்டும்.

ஒருவர்: மணல் பீய்ச்சி அடித்துக் கல்லைப் புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் உளியின் தடமும் போய்விடும். பொடி உதிரும் கல்லில் அதற்குப் பிறகு ஒவ்வொரு மழையும் உள்ளே இறங்கும். தண்ணீர், மென்மையான தூரிகை, பொறுமை போதும்.

ஒருவர்: விரிசல் விட்ட கல் தூணை இரும்புக் கம்பியால் இணைக்கலாமா?

பதில்: சாதாரண இரும்பு வேண்டாம். ஏதென்ஸின் பழங்காலப் பார்த்தினான் கோவிலைக் கட்டியவர்கள் இரும்புப் பட்டிகளை ஈயத்தில் பொதிந்து வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் ஈயம் இல்லாமல் இரும்பை நுழைத்தார்கள். துரு ஏறி இரும்பு பருத்து, பளிங்கைப் பிளந்தது. இப்போது அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். உங்கள் தூணை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், விரிசல் இன்னும் வளர்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் கட்டடம் அசைகிறது. மாதங்கள் கடந்தும் உடையாமல் இருந்தால் அது பழைய காயம்.

ஒருவர்: சுற்றுலா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: இல்லை. சுற்றுலாக் கூட்டம் நிரம்பி வழியும் வெனிஸின் பழைய நகரில் 1951ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022ல் அது 50,000க்குக் கீழே போனது. கட்டடங்கள் எல்லாம் நிற்கின்றன, குடியிருப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

ஒருவர்: சிமெண்ட்டுக்கு மேல் நீர் புகாத பெயிண்ட் அடித்தால்?

பதில்: இன்னும் மோசம். ஈரம் வெளியே வரும் வழியை இரண்டு முறை அடைக்கிறீர்கள். சிமெண்ட், பெயிண்ட், டைல்ஸ், எபாக்சி, எந்தப் பெயரில் கேட்டாலும் பழைய சுவருக்கு என் பதில் ஒன்றுதான். இந்தக் கேள்விக்கு இனி தனித்தனியாகப் பதில் எழுத மாட்டேன்.

கல்லூரி மாணவர்: எங்கள் பழைய நூலகக் கட்டடத்தை அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள், அக்கா. எங்களால் தடுக்க முடியவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: வருத்தமாக இருக்கிறது, தம்பி. செய்ய நிறைய இருக்கிறது, நேரம்தான் குறைவு. பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இந்த வாரமே அளக்கத் தொடங்குங்கள். பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019ல் எரிவதற்கு முன்பே அதை லேசரால் முழுக்க அளந்து வைத்திருந்தார்கள். 2024ல் அது திரும்பத் திறந்ததற்கு அந்த அளவுகளும் கைகொடுத்தன. உங்களுக்கு லேசர் வேண்டாம். அளவு நாடா, தூக்குக்குண்டு, கோடு போட்ட தாள், மூன்று பேர் இருந்தால் போதும்.

ஒவ்வொரு சுவரையும் நேராக எதிரே நின்று படம் எடுங்கள். படத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். கதவு, கீல், படிக்கட்டுக் கைப்பிடி, அலமாரி எண்கள் எதையும் விடாதீர்கள். அங்கே வேலை பார்த்தவர்களையும் படித்தவர்களையும் அழைத்து வந்து, எந்த மூலையில் யார் உட்காருவார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். வெளியே உட்கார வைத்துக் கேட்டால் பாதிதான் நினைவுக்கு வரும். கதவு, சன்னல், தரைக்கல் போன்றவற்றைக் கழற்றிக் கொடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் என்றால் உடையாமல் பிரிக்க வரும்.

அளக்கும்போது ஒவ்வொரு சுவரிலும் ஒரே தொடக்கப் புள்ளியில் நாடாவைப் பிடித்து, சன்னல், தூண், கதவு என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து பெரிதாகும். பழைய அறைகளின் மூலை சரியாகச் செங்கோணத்தில் இருக்காது. நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் கட்டாயம் அளந்துவிடுங்கள், அது இல்லாமல் வரைபடத்தில் மூலைகள் சரியாக ஒன்று சேராது.